ஐஸ் கம்பெனிச் சுவருக்குப் பின்னால்

நாலாம் மாதத்தில் அன்சிலாவுக்கு
கண்ணுக்குத் தப்பியது உலகத்துக்கும் தப்பியது.
ராமேஸ்வரத்திலிருந்து வந்து
பாம்பன் பாலம் ஏறப் போகும் ரயில்
ஐஸ் கம்பெனிச் சுவருக்குப் பின்னால் நுழைந்ததும்
நுழைந்த இடத்திலேயே கண்ணை நட்டுவைத்திருப்பாள்.
பிறகு என் தாலிச் சிலுவையைச் சப்பப் போய்விடுவாள்.
மறுபக்கம் வெளியே வருவது
அவளுக்கு வேறு ரயில்.

ஆறில், மாதா கோயில் கொடியேற்றத்தன்று
ரீகன் ஒரு கேஸ் பலூன் வாங்கிவந்தார்.
அதுவரை அவள் கைவிட்டதெல்லாம் விழுந்திருந்தன:
கரண்டி, கிலுக்கு, என் செல்போன் இரண்டு தரம்.
பலூன் விழவில்லை.
தரையைப் பார்த்தாள்.
மறுபடி தரையைப் பார்த்தாள்.
தகரக் கூரையில் அது முட்டி நிற்பதை
பக்கத்து வீட்டு ஜோஸ்பின் காட்டிய பிறகு
அழவுமில்லை, சிரிக்கவுமில்லை,
வாய் திறந்தபடி அப்படியே,
பால் நேரம் தாண்டியும்,
யாரோ சொன்ன சொல் தவறிவிட்டதைப் போல.

எட்டில், பழைய வலையில் அறுத்தெடுத்த மிதவை ஒன்று.
சிவப்புத் துண்டுக்கடியில் ஒளித்தேன், எடுத்தாள்.
ஒளித்தேன், எடுத்தாள்.
மூன்றாம் தரமும்.
அப்புறம் அவள் பார்க்கப் பார்க்கவே
பச்சைத் துண்டுக்கடியில் வைத்தேன்.
சிவப்பைத் தூக்கினாள்.
வெறும் பாய்.
நான் சிரித்த சிரிப்பில் கோழி வேலிதாண்டிப் பறந்தது.
மூன்று நாள் சீலா பட்ட பாரிலேயே
நாலாம் நாளும் வலையை இறக்கி
டீசல் காசுக்கும் காணாமல் வந்து குந்தியிருந்தவர்
சிரிக்கவில்லை.
"பிள்ளை சரியாத்தான் தேடுது" என்றார்.

நண்டு கம்பெனியில் ஓட்டை உடைத்துச் சதை எடுக்கையில்
கை பாட்டுக்குக் கை வேலைசெய்ய
இதையே நினைத்துக்கொண்டிருப்பேன்.
தள்ளினால் உருளும்,
நனைந்தால் கனக்கும் என்றெல்லாம்
யாரும் அவளிடம் சொன்னதில்லை.
கதவுக்கு அந்தப் பக்கமும் அம்மா அம்மாதான் என்பதை மட்டும்
நான் வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்தில்
தொண்டை கட்டக் கட்டப் படித்தாள்.

இன்று ஒன்பது முடிந்து ஆறு நாள்.
கச்சான் காற்று. கொடியில் துணி நிற்கவில்லை.
ரயில் சுவருக்குப் பின்னால் போனது.
போன இடத்தை அவள் சட்டைசெய்யவே இல்லை;
கழுத்தை அங்கிட்டு வெட்டி
வரப்போகும் பக்கத்துக்கு
ரயிலுக்கு முன்னாலேயே போய் நின்றுகொண்டாள்.

ரயில் வரவில்லை.
காற்று கூடினால் பாலத்தில் விடமாட்டார்கள்.
அவளுக்கு அது தெரியாது.
நுழைந்த பக்கம் பார்த்தாள்.
வெளிவரும் பக்கம் பார்த்தாள்.
பிறகு, பாலுக்கு அல்ல,
தூக்கச் சொல்லி அல்ல,
என்னைப் பார்த்தாள்.

"நிக்கிதுடி. காத்து" என்றேன்.
அது அவளுக்குப் போதவில்லை.
சுவரை நோக்கி ஒரு விரலை நீட்டினாள்,
நீட்டிய விரலை மடக்கவில்லை.

உள்ளே சோறு அடிப்பிடித்தது.
நான் எழுந்து ஓடினேன்.
அவள் இருந்தாள்,
யார் கண்ணுக்கும் தெரியாத
பதினெட்டுப் பெட்டிகளை
சுவருக்கு அந்தப் பக்கம்
விழாமல் பிடித்துக்கொண்டு.