இந்த வாரம்: பிழைகள்

பச்சைத் தேயிலை கிலோ பதினேழு ரூபாய் ஐம்பது காசு.
நாளை கீழ்க்கோத்தகிரியில் காலை முதல் மின்தடை.
இவற்றை வாசித்து முடித்ததும்
ஒரு விரலால் என் குரலை இறக்கி
இன்னொரு விரலால் சாக்ஸபோனை ஏற்றுகிறேன்.

புதன், இரவு ஒன்பது.
விதை உருளைக்கிழங்குக் கிடங்கின் மாடி.
சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருக்கிறோம்,
மழை அதையும் துளைத்துக்கொண்டு
நிகழ்ச்சிக்குள் வந்துவிடும்.

சென்ற வாரம் ரயில்கள் வைத்தேன்.
அதற்கு முன் இடது கைகள்:
வலது கை பியானோவில் பேர் வாங்கிக்கொண்டிருக்க
உள்ளே உலை பார்த்துக்கொண்டிருந்தவை.
இந்த வாரம் பிழைகள்.

ஓடெஸா பிரிம் பாடுகிறாள்.
இரண்டாம் அடியில் சொல் மறந்துவிடுகிறது.
நிறுத்தவில்லை அவள்.
சொல் இருந்த இடத்தில்
பொருளில்லாத மூன்று அசைகளை வைக்கிறாள்,
வாய் சுட்டதுபோல.
டிரம்காரர் சிரிப்பது பதிவாகியிருக்கிறது.
திரும்பப் பாடச் சொல்லவில்லை யாரும்;
ஸ்டுடியோ வாடகை மணிக்கணக்கு.

அடுத்து லூதர் குவில்.
அன்று கிடைத்த பியானோவில் ஒரு கட்டை ஊமை.
எட்டு நிமிடமும் அதன் பக்கம் போய்ப் போய்
தொடாமல் திரும்புகிறார்,
பேச்சை நிறுத்திக்கொண்டவர் வீட்டு வாசலை
தினமும் கடந்து கடைக்குப் போவதுபோல.

குறிப்பேட்டில் எழுதிவைத்த வரிதான் அது.
மைக் முன் வாசிக்கையில்
தொண்டை கட்டிக்கொண்டது.
அரவேணுவில் எனக்கும் ஒரு வாசல் உண்டு.
இருமுவதுபோல் இருமி
தட்டை மாற்றினேன்.

தொலைபேசி.
கேத்தியிலிருந்து ஒருவர்:
'பழைய சினிமாப் பாட்டு ஒண்ணும் இல்லையா மேடம்?'
இல்லை என்றேன்.
'அப்ப அந்தப் பீப்பீயையாவது கொஞ்சம் மெதுவா வைங்க.'

பிறகு போஜராஜ்.
கட்டபெட்டுத் தொழிற்சாலை, இரவுப்பணி.
புதன் தவறாமல் அழைப்பவர்; ஒருமுறையும் பார்த்ததில்லை.
அவர் குரலோடு எப்போதும்
உருட்டும் எந்திரங்களின் இரைச்சலும் வரும்.

'அக்கா, டிரம் அடிக்கிறவர் தாளத்த விட்டுட்டாரே?'
'விடல. ஒளிச்சு வெச்சிருக்கார்.'
'எங்க?'
'தேடுங்க.'

தேடினார். கம்பி வழியே
இரும்பும் இலையும் அரைபடும் சத்தம்.

'எங்க மூணாம் நம்பர் ரோலரும் இப்படித்தான்க்கா.
ஒரு பல் தேஞ்சுபோச்சு.
மூணு சுத்து ஒழுங்கா வரும்,
நாலாவது கொஞ்சம் யோசிச்சுட்டு வரும்.
திங்கக்கெழம மெக்கானிக் வரான்.'

நான் ஒன்றும் சொல்லவில்லை.

'வேண்டாம்னு சொல்லிடட்டுமா?'

அதற்கும் சொல்லவில்லை.
அவருக்குச் சம்பளம் கொடுப்பது நானில்லை.

பத்து மணிக்கு எல்லாவற்றையும் அணைக்கும்போதுதான் பார்த்தேன்,
தொலைபேசியின் வரிசையை இறக்கவே மறந்திருக்கிறேன்.
பேசி முடித்தவர் ரிசீவரை எங்கோ வைத்துவிட்டுப்
போயிருக்க வேண்டும்.
பதினோரு நிமிடம்,
யாரோ எப்போதோ ஊதிய சாக்ஸபோனுக்கு அடியில்
மூன்றாம் நம்பர் ரோலர்
மலை முழுக்க வாசித்திருக்கிறது.
கேத்திக்காரர் மறுபடி அழைக்கவில்லை.
பிடித்துப்போனதா, வேறு அலைவரிசைக்குப் போய்விட்டாரா,
தெரியாது.

கீழே ஸ்கூட்டரை மறித்துக்கொண்டு
ஒரு காட்டெருமை.
அதன் மூச்சு வெள்ளையாக வந்து வந்து கலைந்தது.
அதுவாகப் போகும்வரை படியிலேயே நின்றேன்,
கையில் சாவி, ஈரக் காலுறை.

இலை ஏற்றும் லாரிக்காரர் சொன்னார்,
திங்களன்று மெக்கானிக் வந்துபோனானாம்.
பல் புதுசாம்.

இன்று மறுபடி புதன்.
பச்சைத் தேயிலை பதினேழு ரூபாய்.
தலைப்பு: தாமதம்.
என் குரலை இறக்கிவிட்டேன்,
சாக்ஸபோனை இன்னும் ஏற்றவில்லை.
ஒன்று, இரண்டு, மூன்று.
கட்டபெட்டில் ஒருவருக்கு மட்டும் தெரியும்
எதற்காகக் காத்திருக்கிறேன் என்று.