உச்சந்தலை

இங்கே ஹுபாரா என்கிறார்கள்.
நம் பக்கத்து வரகுக்கோழிக்கு
பெரியப்பா மகன் மாதிரி இருக்கும்:
மணல் நிறம், நெட்டைக் கழுத்து,
சிலிர்த்தால் கழுத்தோரம் கறுப்பும் வெள்ளையுமாய்
ஒரு கோபம்.

லிவா போகிற சாலையில் நாற்பது கொட்டகை.
மூன்றாவது என் பொறுப்பு.
ஐந்து மணிக்குப் புழுத்தட்டு, ஆறுக்குத் தண்ணீர்,
ஏசி இருபத்தாறில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.
எங்கள் அறை ஏசி நிற்பதில்லை;
ஓடினால்தானே நிற்க.

பயந்தால் கோழி ஓடும், புறா சிதறும்.
இது நின்ற இடத்திலிருந்து நேர் மேலே எம்பும்.
முட்டைப்பொறிக்குள் பிறந்தது,
அதன் தாயும் அப்படியே பிறந்தவள்.
மேலே ஒன்றும் இருக்காது என்று
யார் சொன்னார்களோ.

ஜூனில் ஒரு ராத்திரி ஷமால் அடித்தது.
தூக்கத்தில் கேட்டேன்,
தகரத்தில் பொத் பொத்தென்று.
மழை என்று நினைத்து
ஒரு நொடி சந்தோஷப்பட்டேன்.
அந்த ஒரு நொடிக்காக இன்னும் கூசுகிறது.

விடிந்தபோது பதினொரு தலைகள்.
4417-க்கு உச்சந்தலைத் தோல் கிழிந்து
நெல்மணி அகலத்துக்கு எலும்பு தெரிந்தது.
டாக்டர் ஹனான் ஆறு தையல் போட்டார்.
"தைத்துத் தைத்து அலுத்துவிட்டது செல்வின்,
கூரையைப் பாருங்கள்" என்றார்.
மேனேஜர் கூரையைப் பார்த்தார்.
அடுத்த காலாண்டில் பார்க்கலாம் என்றார்.

வெள்ளிக்கிழமை மிர்ஃபா துறைக்குப் போனேன்.
படகில் இனயத்துக்காரர் வியாகப்பன்
பழைய சாளைவலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.
கண்ணிக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன்.
நுழையவில்லை. நகமும் மாட்டாது.
"எதைப் பிடிக்க?"
"ஒன்றையும் பிடிக்க இல்லை."
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.
"பிடிக்காத வலைக்கு என்ன காசு,
கொண்டுபோ."

மூன்று தரம் சோப்புப் போட்டும்
மீன்வாடை போகவில்லை.
ரொபியுலும் நானும் தகரத்துக்கு இரண்டு முழம் கீழே
தொய்வாகக் கட்டினோம்,
பிள்ளை புரண்டாலும் வலிக்காத தூளி போல.

அடுத்த ஷமாலுக்கு நான் கொட்டகைக்குள்ளேயே
டார்ச்சை அணைத்துவிட்டு நின்றேன்.
எம்பின. வலை மூச்சு விட்டது. இறங்கின.
மறுபடி எம்பின.
பதிவேட்டில் எழுதினேன்:
காயம் – இல்லை.
அந்தப் பக்கத்தை மேனேஜர் படமெடுத்து
மேலே அனுப்பினார். மேலேயிருந்து
கட்டைவிரல் வந்தது.

அக்டோபரில் பெட்டிகள் வந்தன.
4417-ம் பட்டியலில் இருந்தது. தையல் இருந்த இடத்தில்
இறகு சரியாக மூடியிருந்தது.
விடுகிறோம்.
குளிர் தொடங்கியதும் வண்டிகள் வரும்,
கண்மூடி போட்ட வல்லூறுகளோடு.
வல்லூறுக்கு நன்றாகப் பறக்கிற இரை வேண்டும்.
அதற்குத்தான் என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை.
அதற்கில்லை என்றும் சொன்னதில்லை.
கேட்டிருக்கலாம் நான்.
மாதக் கடைசி, சம்பளம் வரும் நேரம்.

பெட்டியைத் திறந்தோம். வெளியே வந்து நின்றது.
மணலைப் பார்த்தது,
எங்களைப் பார்த்தது,
காலை மாற்றி வைத்தது.
ரொபியுல் கை தட்டினான்.
நேர் மேலே எம்பியது.
எட்டடி உயரத்தில்,
வலை இருக்க வேண்டிய இடத்தில்,
தலையைக் குனிந்துகொண்டது.

ஒன்றும் இல்லை அங்கே.
இன்னொரு முறை சிறகடித்தது,
பிறகு அதன் நிறத்திலேயே இருந்த தூரத்துக்குள்
போய்விட்டது.

திரும்பும்போது ரொபியுல் பேசவில்லை.
நானும் பேசவில்லை. பெட்டிகளைக் கழுவினோம்.
மூன்றாம் கொட்டகைக்கு நாளை
புதிய குஞ்சுகள், முந்நூற்றுப் பத்து.
வலையின் வடக்கு மூலையில்
இரண்டு முடிச்சு அவிழ்ந்திருந்தது.
ஸ்டூலில் ஏறினேன்.
என் உச்சந்தலை வலையில் பட்டது.

மெத்தென்றுதான் இருந்தது.