பனிமேல் ஒரு முக்காலி

மைனஸ் இருபத்தாறு.
இனாரி ஏரி ஒன்றரை முழம் உறைந்து கிடக்கிறது.
இதன்மேல் லாரியே போகும்.
பனி தள்ளும் தகட்டை முன்னால் மாட்டி
நானே ஓட்டியிருக்கிறேன்.

தொலைநோக்கியை நானும் வுவோக்கோவும்
பாதிப் பாதிப் பணம் போட்டு வாங்கினோம்.
கிறிஸ்துமஸ் ராத்திரி யார் வண்டி எடுப்பது
என்ற பேச்சில் பேச்சே நின்றது.
குழாய் அவள் வீட்டில், கால்கள் என் கொட்டகையில்.
கண் ஓரிடம் கால் ஓரிடமாக
ஏழு வாரம்.

நேற்று அவளே போன் செய்தாள்:
"வானத்தைத் துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு."
வேறொன்றும் சொல்லவில்லை.
எட்டு மணி, படகுத்துறை, என்றேன்.
நானும் வேறொன்றும் சொல்லவில்லை.

முதல் தப்பு என்னுடையது.
ஹீட்டர் பக்கம் கிடந்த கால்களைச்
சூடு ஆறுமுன் கொண்டுவந்து ஊன்றினேன்.
உலோகம் பனியை உருக்கிக்கொண்டு
கூச்சமில்லாமல் உள்ளே இறங்கியது,
ஒரு கால் அதிகமாக.

அடுத்ததும் என்னுடையதுதான்.
குனியச் சோம்பல்பட்டு
மூன்று கால்களையும் முழுசாக நீட்டினேன்.

கால்களை அகட்டிப் பிடிக்கும் நடுத்தட்டு எங்கே?
"அது இல்லாமலும் நிக்கும்," என்றாள் வுவோக்கோ,
வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

நின்றது.
பிறந்த நாழிகையில் கலைமான் கன்று நிற்குமே, அப்படி.

புனர்பூசத்தின் வடக்கு மீனைக் குறிவைத்து
ஒரு காலை விரல் நுனியால் தட்டினேன்.
கண்ணாடிக்குள் அது புழுவாய் நெளிந்தது.
இருவரும் எண்ணினோம், தனித்தனியாக, சத்தமில்லாமல்.
பதினொன்று, என்றேன்.
பதினொன்று, என்றாள்.
ஏழு வாரத்தில் நாங்கள் ஒத்துப்போன முதல் விஷயம்.

ஆடத் தெரியாதவள்
கூடம் கோணல் என்றாளாம்.
இங்கே கூடமும் சும்மா இல்லை,
அடியில் எங்கோ பனி விரிசல் விட்டு
பீப்பாயை உருட்டியதுபோல் முழங்கியது.
ஆனாலும் பதினொன்றுக்குப் பனி காரணமில்லை.
இருவருக்கும் தெரியும்.

அவள் காருக்குப் போனாள்.
திரும்பியபோது கையில் நடுத்தட்டு.
புகையிட்ட மீன் வாசம்.
நான் கேட்கவில்லை.
"அளவு சரியா இருந்துச்சு, மீன் அடுக்க," என்றாள்.
கோட்டுப் பையிலிருந்து
மகன் அர்வியின் ஹாக்கி வட்டுகள் மூன்றை எடுத்து
பனிமேல் வைத்தாள், காலுக்கொன்றாக.

எல்லாவற்றையும் கழற்றினோம்.
கால்களை உள்ளே தள்ளிக் குட்டையாக்கினோம்;
தடித்த பாகம் மட்டும் போதும், முதுகு வலித்தால் வலிக்கட்டும்.
ஒரு காலை வடக்கே நிறுத்தினோம்.
தட்டைக் கீழிருந்து மேலே தள்ளி,
மூன்று கால்களும் வெளியே முறைத்துக்கொண்டு
விறைக்கும்வரை நடுத் திருகைச் சுற்றினேன்.
சின்னத் திருகுக்குக் கையுறை ஒத்துவராது.
கழற்றினேன், விரல்தோல் உலோகத்தில் ஒட்டி
கொஞ்சம் அங்கேயே தங்கிவிட்டது.
"இறுக்கு. நெரிக்காதே," என்றாள்.
பிடி. விடு. இன்னும் கொஞ்சம்.
அவ்வளவுதான் பேச்சு.
மட்டக்குமிழ் குளிரில் சோம்பி
நடுவுக்கு வர நேரம் எடுத்தது.
காத்திருந்தோம்.

தட்டினேன்.
ஒன்று. இர—
நின்றுவிட்டது.

ஒற்றை மீன் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது
இரண்டு.
நடுவே மயிரிழை இருட்டு.
முன்பும் இரண்டாகத்தான் இருந்திருக்கும்,
எங்கள் ஆட்டம் இரண்டையும் பூசி ஒன்றாக்கியிருந்தது.

"தொடாதே," என்றாள் வுவோக்கோ,
தொடாமல் குனிந்து பார்த்தபடி.
மூச்சைக்கூடப் பக்கவாட்டில் விட்டாள்.
பனி மறுபடி முழங்கியது.
"ரெண்டும் சேர்ந்தே குதிச்சுது," என்றாள்,
"சேர்ந்தே உக்காந்துது."

ஈஸ்டர் ராத்திரி வண்டியை யார் எடுப்பது என்று
இன்னும் பேசவில்லை.

பிரித்து ஏற்றும்போது தட்டைக் கேட்டாள்.
"சனிக்கிழமை மீன் புகைக்கணும்."
கொடுத்தேன்.
குழாயும் தட்டும் அவளிடம், கால்கள் என்னிடம்.
ஞாயிற்றுக்கிழமை வானம் தெளிவு
என்கிறது வானிலை அறிக்கை.
இந்த முறை கால்களை
வெளியிலேயே போட்டுவைக்கப்போகிறேன்.