நான்காம் பாகம்

மூன்றாவதில் இருந்த பயம் இதில் இல்லை.
சூனியக்கார இன்ஸ்பெக்டருக்கு
இப்போதெல்லாம் காயமே படுவதில்லை,
வாடகை கேட்டும் யாரும் வருவதில்லை.

பதிமூன்றுக்கும் பதினான்குக்கும் நடுவே
லிஃப்ட் நின்று, கதவு திறந்து,
பேய்ச்சந்தைக்குள் இறங்குகிறாளாம்.
எழுதியவர் ஒருநாளும்
அந்தக் குழிக்குள் தலையை விட்டதில்லை.

ஷார்ஜா அல் நஹ்தாவில்
ஒன்பது வருஷமாய் அந்த நடுவைத்
திறப்பவன் நான்.
கிரீஸ், சிமெண்ட் தூசி, சாவிகள்,
ஒருமுறை
டிஷ்யூவில் சுற்றிய பால்பல்.
அவ்வளவுதான்.

அறுபது திர்ஹம் தண்டம் என்று
கீழ்க்கட்டில் இருதயராஜிடம் சொல்லிவிட்டு
மறுபடி படித்தேன்,
சந்தை வரும் அத்தியாயத்தை மட்டும்.

நேற்று ராத்திரி ஒரு புகார்.
பதினான்கில் கதவை நெம்பினேன்.
டார்ச்சைப் போடாமல்
கொஞ்ச நேரம்
சும்மா நின்றேன்.