நாற்பத்தைந்து பாகை

தார்த்துவில் டிசம்பர்.
மூன்றரைக்கே பகல் கடையைக் கட்டிவிடும்.
நிலவறைக் கூடத்தில் எங்களுக்கு அதுவும் தெரியாது;
வெளிச்சம் புகுந்தால் எண்ணிக்கை கெடும் என்று
கதவிடுக்கில் தன் கம்பளிச் சால்வையைத்
திணித்து வைத்திருந்தாள் ஹெல்வெ.

ஒவ்வொன்றாய் ஃபோட்டான்கள்.
குறுக்காகக் கேட்டால் ஐந்தில் மூன்று,
நெடுக்காகக் கேட்டால் ஐந்தில் நான்கு.
இவை வீச்சு; வாய்ப்பு அல்ல.
வர்க்கம் எடுத்தால் நூற்றுக்கு
முப்பத்தாறு, அறுபத்து நான்கு.
ஆயிரம் அனுப்பினோம்:
முந்நூற்று அறுபத்திரண்டு, அறுநூற்று முப்பத்தெட்டு.
கருவி எங்கள் பேச்சைக் கேட்ட நல்ல நாள்.

அப்புறம் வடிகட்டியைத் திருகினாள்,
நாற்பத்தைந்து பாகை.
"இப்போது சொல், எத்தனை கடக்கும்?"

ரொட்டி சுற்றிவந்த தாளில் எழுதினேன்:
முப்பத்தாறில் பாதி, அறுபத்து நான்கில் பாதி,
ஆகமொத்தம் ஐம்பது.
துகள் ஒட்டிய என் கணக்கின் மேல்
அவள் ஒரே கோடு இழுத்தாள்.

"வர்க்கத்துக்கு என்ன அவசரம்?
முதலில் கூட்டு.
மூன்றும் நான்கும் ஏழு.
ஐந்தால் வகு, ரூட் இரண்டால் வகு,
கடைசியில்தான் வர்க்கம்."
ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது.
நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு!
அறுபத்து நான்கு என்று இழுத்த அதே ஒளி
சாய்த்துக் கேட்டதும்
கிட்டத்தட்ட சத்தியமே செய்கிறது.

விசையைத் தட்டினோம்.
ஆயிரத்துக்கு இருபத்தொன்று.

மறுபடி.
பத்தொன்பது.

நீளமாகத் திட்டினாள்.
நான் கம்பிகளை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கிச் செருகினேன்.
பாதித் திட்டில் நின்றாள்.
"இருபதா? மிச்சமும் இருபதுதானே?"
நான்கின் முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டாள்.
மூன்றில் நான்கு போனால் ஒன்றுதான், குறையாக.
ஐம்பதுக்கு ஒன்று.

குவார்ட்ஸ் தகட்டை யாரோ
முதுகுப்புறமாய் மாட்டியிருந்தார்கள்.
யாரோ என்ன, நான்தான்,
திங்கட்கிழமை.
மூன்று நாளாய் அந்தக் குறி உள்ளேயே இருந்திருக்கிறது.
குறுக்கும் நெடுக்குமாய் எத்தனை ஆயிரம் கேள்விகள்;
வர்க்கம் அதை விழுங்கிவிட்டுச்
சரியான விடையே சொல்லிக்கொண்டிருந்தது.

தகட்டைத் திருப்பினோம். தொள்ளாயிரத்து எழுபத்தொன்பது.
சால்வையை உருவி உதறிப் போர்த்திக்கொண்டாள்.

"வீட்டில் எல்லாம் சரிதானே?" என்று
தினமும் கேட்பேன்.
"சரிதான்" என்பாள் தினமும்.
ஆற்றுப் பாலத்தில் வேறு மாதிரி கேட்டேன்:
"இன்றைக்கும் அக்கா வீட்டுச் சோபாவிலா?"

பதில் இல்லை. நடந்தாள்.
பாலம் முடிகிற இடத்தில்
என் முழங்கையைப் பிடித்தாள்.
வழுக்கியதாலும் இருக்கலாம்.