எண்ணெய் திரும்பும் வழி

கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது.
நடுவில் எண்ணெய்க்கு ஓட்டை, இருபுறமும் போல்ட்டுக்கு.
ஓசூர் பாகலூர் ரோட்டுக் கடையில் அறுபது ரூபாய்,
பில் வேண்டாமென்றால் ஐம்பத்தைந்து.
சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்
வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி,
அடகு நகை மீட்டவன் மாதிரி.

சூளகிரியில் ஞாயிற்றுக்கிழமை பகல்.
ராத்திரி ஒன்பதரைக்கு என் சுமோ
சிப்காட் கேட்டில் நிற்க வேண்டும்,
மூன்றாம் ஷிஃப்ட்டுக்குப் போகும் எட்டுப் பெண்களோடு.

ஆறு வாரமாய் நீலப் புகை.
மேடேறினால் பின்னால் வருகிறவன் லைட் அடிக்கிறான்.
"அண்ணா, இது கொசு மருந்து வண்டியா?"
துப்பட்டாவை மூக்கில் சுற்றிக்கொண்டு மஞ்சுளா கேட்கிறாள்.
அடுத்த மாசம் வேற வண்டி பார்ப்போம் என்றுவிட்டார் சூபர்வைசர்.
மூன்று மெக்கானிக், மூன்று பேரும்
நாடிகூடப் பிடிக்காமல் சொன்னார்கள்:
டர்போ போச்சு. இருபத்திரண்டாயிரம்.

நாலாவது ஆள் திம்மராயன்.
அவனிடம் போகமாட்டேன்.
கடைசியாய் ஆயில் மாற்றியவன் அவன்,
கெடுத்தவனும் அவனே என்று
டீக்கடை டீக்கடையாகச் சொல்லி முடித்திருந்தேன்.
கூலி எழுநூறு இன்னும் தரவில்லை.

வெப்பத் தகட்டுக்கு மூன்று போல்ட்.
இரண்டு வந்தன.
மூன்றாவது துருவோடு குடித்தனம் நடத்துகிறது.
டீசலில் துணி நனைத்துச் சுற்றிவிட்டு
டீ குடித்து வந்து தட்டினேன்.
முனகியது. வந்தது.

காற்றுக் குழாயைக் கழற்றிச்
சக்கரத்தை விரலால் அசைத்துப் பார்த்தேன்.
ஆட்டமில்லை.
சுண்டிவிட்டேன், சுற்றியது,
நான் கையெடுத்த பிறகும் சுற்றியது.
மூன்று பேர் பாடை கட்டிய டர்போ!

மல்லாந்து அடியில் நுழைந்தேன்.
மேலே ஏறும் குழாய் மெல்லியது,
பம்ப் பிடித்துத் தள்ளுகிறது, அதற்கென்ன கவலை.
இறங்கும் குழாய்தான் பருமன்.
வெந்து நுரைத்து வேலை முடித்த எண்ணெய்
தன் பாரத்திலேயே இறங்கிக்கொள்ள வேண்டும்.
தள்ளிவிட ஆள் கிடையாது.

பழைய கேஸ்கெட், கருகிய அப்பளம்.
துளைக்குள் துணி திணித்துவிட்டு
பிளேடால் சுரண்டினேன், கண்ணெல்லாம் கரி.
கழற்றிய குழாய்க்குள் சும்மா ஒரு கம்பி விட்டேன்.
வெளியே வந்தது
சுண்டுவிரல் நீளத்துக்குச் சிவப்பாய் ஒரு புழு.
சிலிக்கான் பசை.
எவனோ கேஸ்கெட்டை நம்பாமல்
அதற்கு மேல் பிதுக்கியது.
வெளியே வழிந்த அளவு உள்ளேயும் வழிந்து
ஒட்டிக் கிடந்து, பிறகு கழன்று
பாதி வழியை அடைத்துவிட்டது.
இறங்க இடமில்லாத எண்ணெய் பின்னே என்ன செய்யும்,
புகையாகத்தான் போகும்.

எவனோ.
"டேய் திம்மராயா" என்றேன் சத்தமாகவே,
வண்டிக்கடியில், மல்லாந்தபடி.
சொன்ன வாய் மூடவில்லை,
தொப்பூர் கணவாய் வந்து நின்றது.
போன ஐப்பசி. மழை.
கல்யாண வீட்டார் உள்ளே உட்கார்ந்திருக்க,
லாரிகள் முதுகை உரசிக்கொண்டு இறங்க,
செல்போன் வெளிச்சத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு
சிவப்பு ட்யூபை முழுசாகப் பிதுக்கியது
இந்தக் கட்டைவிரல்.

கொஞ்ச நேரம் அங்கேயே கிடந்தேன்.
நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது, துடைக்கவில்லை.

பிறகு புதுசை வைத்தேன், வெறுமனே, பசையில்லாமல்.
அரைத் திருகு இந்தப் பக்கம், அரைத் திருகு அந்தப் பக்கம்.
மேல் குழாய்க்குச் செம்பு வாஷர் இரண்டு.
சொலினாய்டு ஒயரைப் பிடுங்கிவிட்டு
மூன்று முறை வெறும் செல்ஃப் அடித்தேன்,
எண்ணெய் முதலில் போய்ச் சேரட்டும்.
ஒயரை மாட்டிச் சாவி திருப்பினேன்.
பழைய புகை பத்து நிமிஷம் போனது.
அப்புறம் சைலன்சருக்குப் பின்னால்
எதிர்வீட்டுக் கோலம் தெளிவாகத் தெரிந்தது.

புழுவைத் தீப்பெட்டியில் போட்டு
டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன், எழுநூறு ரூபாயோடு.
ராத்திரி அவன் ஷெட்டைத் தாண்டும்போது
ஷட்டருக்கு அடியில் வெளிச்சம் இருந்தது.
ஹாரனில் கை வைத்தேன்.
எட்டுப் பேருக்கு நேரமாகிறது என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புகை இல்லாததை ஒருத்தியும் கவனிக்கவில்லை.
மேடு ஏறி முடிந்ததும் மஞ்சுளா கேட்டாள்:
"அண்ணா, ஏசி எப்பத்தான் ரெடி பண்ணுவீங்க?"