கடைசி டிராமுக்குப் பிறகு

கிரெனோபிளில் பி தடத்து டிராம்
நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குப் படுக்கப் போகிறது.
அதன் பிறகுதான் எனக்கு வேலை.

முதல் வருடம் பம்பைச் சந்தேகித்தோம்,
அப்புறம் லிஃப்டை, மேல்தளத்துச் சலவை எந்திரத்தை.
நேர அட்டவணையை யாரோ
வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்த அன்று
ஒருவரும் பேசவில்லை.

அடித்தளத்தில் ஐந்து தாம்பாளங்கள்
மேலிருந்து கீழாகத் தொங்குகின்றன,
ஒன்றைவிட ஒன்று குளிராக.
கடைசித் தட்டில்,
விண்மீன்களுக்கு இடையே உள்ள வெளியைக் காட்டிலும் குளிர்ந்த ஓரிடத்தில்,
பாதி நகம் அகலத்துக்கு ஒரு சில்லு.
அதற்குள் ஒற்றை எலக்ட்ரான்.

சில்லொன்றும் அபூர்வமில்லை.
உங்கள் கைப்பேசிக்குச் செய்கிற அதே ஆலையில்
அதே சிலிக்கனில்
ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை ஷிஃப்டில் செய்தது.
கோடிக்கணக்கில் ஓடும் வாய்க்காலை
ஒன்று மட்டும் நிற்கும் அளவுக்கு அடைத்தேன். அவ்வளவுதான்.
பதினோரு வருடம் ஆனது.

இரண்டுங்கெட்டான் என்று ஏசுகிற வார்த்தை உண்டே,
அது இதற்குப் பொருந்தாது.
இது மேலும் கீழுமாய்
இரண்டும் கெடாமல் நிற்பது,
யாரும் கேட்காதவரை.

ஒரு எலக்ட்ரானுக்கு
வெளியிலிருந்து நான்கு கம்பி இழுத்தோம்.
ஆறுக்கு இருபத்துநான்கு.
பாரிஸில் நிதி தருகிறவர்கள்
பத்து லட்சம் கேட்கிறார்கள்.
கமெல் கம்பிகளைச் சுருட்டி எடை போட்டுக் காட்டினார்:
"மதாம் வொத்ரான், இந்தக் கணக்குக்கு
மலையைத்தான் குடைய வேண்டும்."

ஆகவே கட்டளையிடும் சில்லையும் உள்ளே இறக்கினோம்,
சுவரொட்டிய பக்கத்து வீட்டுக்காரி மாதிரி.
அவள் நல்லவள். துல்லியமானவள்.
வாய் திறந்தால் சூடு.
ஒவ்வொரு சொல்லுக்கும் தட்டு
இரண்டு மில்லிகெல்வின் ஏறும்,
எலக்ட்ரான் சொன்னதை மறக்கும்,
மறந்ததை நினைவூட்ட அவள் மறுபடி பேசுவாள்.
எங்கள் வீட்டிலும் இது நடந்ததுண்டு.
விவாகரத்துத் தாளில் அதற்கு வேறு பெயர் போட்டிருந்தார்கள்.

மூன்று குளிர்காலம்
அவளைப் பேசாமலிருக்கப் பழக்கினோம்:
சின்னதாய் ஒரு மின்னழுத்தத்தை
மடியில் கட்டிக்கொண்டு
கடிகாரத்தையும் அணைத்துவிட்டு
இருட்டில் உட்கார்ந்திருக்க.

நேற்று, இல்லை, இன்று
ஒன்று முப்பத்தெட்டுக்குத்
திரையில் அலை எழுந்தது, விழுந்தது,
எழுந்தது.
தேயவே இல்லை.

மேசை அதிருமென்று
கோப்பையைக் கீழே வைக்கப் பயந்தார் கமெல்.
காபி கையிலேயே ஆறியது.
கொண்டாட்டம் ஒன்றுமில்லை, எண்களை எழுதினோம்.
ஒரேயொரு முறை
"இன்னும் இருக்கிறதா?" என்றார்.
"கேட்காதீர்கள்" என்றேன்.

நான்கு ஐம்பதுக்கு
அலையின் விளிம்பில் நடுக்கம்.
பணிமனையிலிருந்து முதல் வண்டி
புறப்பட்டுவிட்டது.

ஐந்தேகாலுக்கு நிறுத்தத்தில் நின்றேன்.
ஈசேர் ஆற்றின் மேல் மூட்டம்,
பெல்தோன் மலை இருந்த இடத்தில்
வெறும் சாம்பல் நிறம்.
வண்டிக்குள் மாவு படிந்த ஷூக்களோடு ஒரு ரொட்டிக்கடைப் பெண்,
தோளில் தோள் சாய்த்துத் தூங்கும் இரண்டு தாதிகள்.
ஓட்டுநர் தலையசைத்தார்.
ஏறினேன்.

ஆய்வகத்து வளைவில் சக்கரம் கிறீச்சிட்டபோது
என் இரண்டு கால்களும் தாமாகவே
தரையைவிட்டுச்
சற்று உயர்ந்தன.